சித்திரை வயலில் நண்பர்கள் ஆட்டம்

டெல்டாவில் கால்பந்தாட்டத்துக்குத் தேதி குறிப்பது பயிர்தான். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றங்கரையில் இருக்கிறது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டோம். எல்லோரும் ஒன்றாக ஊரில் இருப்பது பொங்கலுக்குத்தான். அதனால் காணும் பொங்கலன்று ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். தை மாதத்தில் வயலைப் பார்த்தால் அந்த யோசனை போய்விடும். சம்பா இன்னும் நிற்கும், இல்லாவிட்டால் அப்போதுதான் அறுத்திருப்பார்கள். "அறுத்த வயலு சும்மாதானடா கெடக்கு, ரெண்டு குச்சிய நட்டா கோலு" என்பான் வெளியூரிலிருந்து வந்த நண்பன். அது சும்மா கிடப்பதில்லை. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே ஈரம் காயாத மண்ணில் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே அது இரண்டு இலை விட்டு நிற்கும். அதன்மேல் பதினாலு பேர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு குடும்பத்தின் கோடை வருமானம் போனது போனதுதான்.

உளுந்து எடுத்து முடிய பங்குனி கடைசி, சித்திரை ஆகிவிடும். அதிலிருந்து மேட்டூரில் தண்ணீர் திறக்கும்வரை, அதாவது வழக்கப்படி ஜூன் 12 வரை, வயல்கள் ஓய்வெடுக்கும். பள்ளிக்கூடம் லீவு, கோயில் திருவிழாவும் வரும், வெளியூர்க்காரர்களும் பிள்ளைகளோடு வந்திருப்பார்கள். ஆகவே எங்கள் ஆட்டம் சித்திரையில்தான். பம்புசெட் உள்ளவர்கள் முன்பட்டக் குறுவை நெல்லுக்கு அப்போதே நாற்றங்கால் விட்டிருப்பார்கள் என்பதால் எந்த வயல் எப்போது காலியாகும் என்று பங்குனியிலேயே கேட்டு வைத்துவிடுகிறோம்.

அடுத்தது அளவு. முழு மைதானம் என்றால் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் நிலக்கணக்கில் அது ஐந்து மாவுக்கும் மேல் (ஒரு மா என்பது ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு). குறுக்கே வரப்பு இல்லாமல் ஒரே தாக்கில் ஐந்து மா கிடைப்பது எங்கள் பக்கம் அபூர்வம். கிடைத்தாலும் நாற்பதை நெருங்குகிற ஆட்களுக்கு அது தேவையில்லை. அணிக்கு ஏழு பேர் என்றால் 60-க்கு 40 மீட்டர் போதும், இரண்டு மாவுக்குள் அடங்கிவிடும். சிறிய மைதானத்தில் பந்து எல்லோர் காலுக்கும் வரும். பெரிய மைதானத்தில் ஓடத் தெரிந்த இரண்டு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் வெயிலில் நின்று பார்ப்பார்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். ஆற்றை ஒட்டிய வயலில் மணல் கலந்த வண்டல் இருக்கும். ஆற்றிலிருந்து தள்ளிப் போகப்போகக் களி கூடும். களிமண் வயல் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், சில வெடிப்புகளில் பாதமே இறங்கும். கணுக்கால் முறிவதற்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. வெடித்த வயலில் தண்ணீர் விட்டுச் சமன் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். மேலே வழுக்கும், கீழே வெடிப்பு அப்படியே இருக்கும். வண்டல் வயல் கிடைக்காவிட்டால் ஆட்டத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. வண்டல் வயலிலும் தாள்கட்டைகளை மண்வெட்டியால் சீவி, கட்டிகளை உடைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எல்லோரும் வரிசையாக நடந்து முள், கண்ணாடிச் சில்லு பொறுக்க வேண்டும். இந்த நடையை முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடுகிறோம். சீமைக்கருவேல முள் காலையும் கிழிக்கும், பந்தையும் கிழிக்கும்.

கோல்கம்பத்துக்கு மூங்கில். பந்தல் போடுகிறவரிடம் சொன்னால் ஆறு கழி தருவார், இரண்டு அதிகமாகவே தருவார். முறையான கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். எங்கள் கீப்பர்களுக்கு அது நியாயமில்லை, 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் வைக்கிறோம். மேல்கட்டைக்குப் பதிலாகக் கயிறு கட்டும் பழக்கம் நிறைய ஊர்களில் உண்டு. கயிறு நடுவில் தொய்யும், காற்றில் ஆடும், பந்து மேலே போனதா கீழே போனதா என்று பத்து நிமிடம் பேச்சு ஓடும். மூங்கிலையே குறுக்கே கட்டிவிடுங்கள். கம்பத்தை இரண்டடி ஆழம் புதைத்துக் கெட்டிக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் மேல்கட்டையைப் பிடித்துத் தொங்கத்தான் பார்ப்பார்கள். கோல்கம்பம் சாய்ந்து குழந்தைகள் உயிரிழந்த செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்திருக்கின்றன. பின்னால் கட்ட முத்துப்பேட்டைப் பக்கமிருந்து பழைய மீன்வலை ஒன்று கிடைத்தது. வலை வந்த பிறகு "கம்பத்துக்கு வெளியேதான் போச்சு" என்கிற சண்டை அடியோடு நின்றது. கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. கோலமாவே போதும்.

இவ்வளவும் சாமான் சேர்க்கிற வேலை. ஆள் பிரிப்பதுதான் உண்மையான வேலை, அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

ஆரம்பத்தில் தெருவுக்கு ஓர் அணி என்றுதான் ஆட்டம் நடந்தது. மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம். சுலபமான ஏற்பாடு, யாரும் யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்களில் தெரு என்றால் என்னவென்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெருப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். ஓர் ஆண்டு, பந்தை எடுக்கப் போன காலில் கால் பட்டு ஒருவர் விழுந்தார். எந்த ஆட்டத்திலும் நடக்கிற சாதாரண ஃபவுல். விழுந்தவரும் தள்ளியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், கை கொடுத்து எழுந்தும்விட்டார்கள். ஆனால் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது இரண்டு ஆட்கள் இல்லை, இரண்டு தெரு. ஆட்டம் பாதியில் நின்றது. பெரியவர்கள் சிலர் நல்லபடியாகப் பேசி அனுப்பியதால் அதோடு போயிற்று. அன்று சாயங்காலம் எங்களில் ஒருவரும் ஒருவருக்கொருவர் போன் செய்யவில்லை. முப்பது வருடப் பழக்கம், ஒரு ஃபவுலுக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஆண்டு இரண்டு கேப்டன்கள் மாற்றி மாற்றி ஆள் எடுத்தார்கள். தெருப் பிரச்சினை தீர்ந்தது, வேறொன்று வந்தது. நன்றாக ஆடுகிறவர்களை முதலில் எடுத்த பிறகு கடைசியில் ஒருவர் தனியாக நிற்பார். "சரி, நீயும் வா" என்பார்கள். செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன் அப்படிக் கடைசியில் நின்றான். சிரித்துக்கொண்டேதான் ஆடினான். மறு ஆண்டு கடையில் ஆள் இல்லை என்று சொல்லி வரவில்லை. நாற்பது வயதில் பிள்ளைகள் பார்க்கக் கடைசி ஆளாக நிற்பது யாருக்கும் பிடிக்காது. அவனைத் திரும்ப வரவழைக்க முடியாத ஆட்டத்தை நண்பர்கள் ஆட்டம் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

வழி சொன்னது எங்களில் சடுகுடு ஆடிய ஒருவர். "ஏண்ணே, நாம சின்ன வயசுல உத்தி பிரிச்சுத்தானே ஆடுவோம், அதையே செஞ்சா என்ன?" என்றார். உத்தி பிரிப்பது தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இரண்டு பேர் தாங்களாகவே ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போவார்கள். ஆளுக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து கேப்டன்களிடம், "பூவரசு வேணுமா, புங்கன் வேணுமா?" என்று கேட்பார்கள். கேப்டன் பூவரசு என்றால் பூவரசுப் பெயர்க்காரர் அந்தப் பக்கம், புங்கன் மறு பக்கம். அடுத்த ஜோடியிடம் மற்றக் கேப்டன் சொல்வார். யார் வருகிறார் என்று தெரியாமலே கேட்பதால் யாரும் யாரையும் ஒதுக்கினதாக ஆகாது. கடைசியில் நிற்கும் ஆள் என்று ஒருவர் கிடையாது. ஜோடி சமமாக இருப்பதால் அணிகளும் சமமாகிவிடும். தன் திறமை என்ன என்பது அவரவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை வேறு ஒருவர் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

இதில் நாங்கள் ஒன்று சேர்த்தோம். உன் தெருக்காரரோடுதான் ஜோடி சேர வேண்டும். அண்ணன் தம்பி, பங்காளி, மாமன் மச்சான் என்றால் இன்னும் நல்லது. ஜோடி சேர்ந்த இருவரும் எதிரெதிர் அணிக்குத்தான் போவார்கள் என்பதால், ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு குடும்பமும் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். வரப்பில் நிற்கும் அம்மாவுக்கு இரண்டு அணியிலும் பிள்ளை இருப்பான். அவர் யாருக்காகக் கோபப்படுவார்? இந்த ஒரு விதி வந்த பிறகு வெளியிலிருந்து யாரும் உள்ளே இறங்கியதில்லை. ஒரு நண்பனின் கல்லூரியில் படிக்கும் மகளும் அத்தை பையனோடு உத்தி சேர்ந்து வந்து ஆடினாள். இடது காலால் அவள் அடித்த பந்தைப் பற்றி இன்னும் பேசுகிறோம். செல்போன் கடை நண்பனும் வந்தான், நேராக வீட்டுக்குப் போய்த்தான் கூப்பிட்டோம். தன் சித்தப்பா மகனோடு ஜோடி சேர்ந்தான். கீப்பராக நின்று இரண்டு நல்ல பந்துகளைத் தடுத்தான்.

வித்தியாசம் மூன்று கோல் ஆனால் இடைவேளையில் ஒரு ஜோடியைப் பக்கம் மாற்றிவிடுகிறோம். கோல் கணக்கு முக்கியம்தான், ஜெயிக்கத்தான் எல்லோரும் ஓடுகிறோம். ஒருதலையான ஆட்டத்தில் இரண்டாவது பாதி யாருக்கும் சுகமில்லை.

நடுவர் வேண்டும். "நண்பர்களுக்குள்ள எதுக்கு ரெஃபரி" என்பது கேட்க நன்றாக இருக்கும், நடைமுறைக்கு உதவாது. ரெஃபரி இல்லாவிட்டால் ஒவ்வொரு பந்துக்கும் நண்பனே நண்பனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். எங்களுக்குப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர், எங்கள் பி.இ.டி. சார், வருகிறார். அவர் ஊதினால் நிற்கிறோம், அவ்வளவுதான். "சார், அது கையில படல சார்" என்று ஒருவர் போனால், "பட்டுச்சு, போடா உள்ள" என்பார். நாற்பது வயதுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு போவார். விதிகளை முந்தின நாளே பேசி முடித்துவிடுகிறோம். ஆஃப்சைடு கிடையாது. படுத்துச் சறுக்கிப் பந்தெடுப்பது கிடையாது, காய்ந்த மண்ணில் தொடை உரிந்துவிடும். வெளியே போனவர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம். சர்வதேச விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபியே அடிமட்ட ஆட்டங்களுக்கும் மூத்தோர் ஆட்டங்களுக்கும் மைதான அளவு, ஆட்ட நேரம், ஆள் மாற்றுவது போன்றவற்றை மாற்றிக்கொள்ள இடம் தந்திருக்கிறது. சூடானவரைச் சிறிது நேரம் வெளியே உட்கார வைக்கும் முறையும் அதில் உண்டு. சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வாய் நீண்டால் ஐந்து நிமிடம் வரப்பில் உட்கார வேண்டியதுதான். அந்த ஐந்து நிமிடத்தில் எப்பேர்ப்பட்ட கோபமும் பாதியாகிவிடுகிறது.

செருப்பில்லாக் காலா, ஷூவா என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி பிரான்சிடம் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டு இங்கேயும் சிலர் வெறுங்காலோடு இறங்குவார்கள். எதிரில் குமிழ் வைத்த பூட்ஸ் போட்டவர் இருந்தால் விரல் நசுங்கும். ஒன்று எல்லோரும் வெறுங்கால், இல்லையென்றால் எல்லோரும் ஷூ. எங்கள் மண்ணில் தட்டை அடியுள்ள கேன்வாஸ் ஷூதான் சரி. காய்ந்த தரையில் உயரக் குமிழ் ஊன்றாது, கணுக்கால் புரளும்.

பந்து ஐந்தாம் நம்பர், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். கெட்டித் தரையில் பந்து தலைக்கு மேல் எகிறும் என்பதால் காற்றைக் கொஞ்சம் குறைத்து அடிக்கிறோம். இரண்டாவது பந்து, பம்பு, ஊசி மூன்றும் அவசியம். ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தினால் வால்வு கெட்டுவிடும்.

நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. காலை ஆறு மணிக்கு விசில் ஊத வேண்டும். ஏழே காலுக்குள் முடித்துவிட வேண்டும். சாயங்காலம் வைத்தால் அன்றைய வெயில் முழுவதும் தரையில் தங்கியிருக்கும். குடித்துவிட்டு வருகிறவர்களும் சாயங்காலம்தான் வருவார்கள். காலையில் வைத்துப் பாருங்கள், பாதிச் சண்டை வராது. அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4-ல் தொடங்கும், முடிந்தால் அதற்கு முன்னால் வைத்துவிடுவோம்.

ஆட்டத்தைப் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதியாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு இடைவெளியிலும் புங்கமர நிழலுக்குப் போய் உப்புப் போட்ட மோர் குடிக்க வேண்டும், தாகம் இல்லை என்று சொன்னாலும். ஒருவர் கண் வெறித்துச் சம்பந்தமில்லாமல் பேசினால், நடை தள்ளாடினால், உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆண்டு முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருந்து ஒருநாள் வந்து ஓடுகிறவர்கள்தான் இதில் அதிகம் கவனிக்கப்பட வேண்டியவர்கள். நெஞ்சு வலி, சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதை வெளிப்படையாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கணுக்கால் புரண்டால் துணியில் சுற்றிய ஐஸ் கட்டி பதினைந்து, இருபது நிமிடம், இறுக்காமல் கட்டு, கால் உயரத்தில். எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. நான்கடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். தலையில் அடிபட்டவர் "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. சிராய்ப்பை அலட்சியமாக விடாதீர்கள். கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வந்து, இரவில் எங்கள் வயல்களில் அடைத்துக் கிடை போடுவார்கள். வயலுக்கு அது நல்ல உரம், புண்ணுக்கு ஆகாது. சாண மண் பட்ட காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியாக டெட்டனஸுக்கான டி.டி. ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

புதருக்குள் போன பந்தைக் கையை விட்டு எடுக்க வேண்டாம். வயல்காட்டில் கண்ணாடி விரியன் சாதாரணமாக நடமாடும் பாம்பு. துரட்டியால் புதரைத் தட்டிவிட்டுப் பந்தை இழுத்துக்கொள்ளலாம். அதையும் மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் நம்பிப் போகலாம்.

ஆட்டம் முடிந்ததும் யாரும் கிளம்பக் கூடாது என்பது எங்கள் கடைசி விதி. வயல் கொடுத்தவர் எங்களில் பலருக்குப் பெரியப்பா முறை. வாடகை வாங்க மாட்டார். "ஆடுங்க தம்பி, ஆனா வரப்ப ஒடச்சிப்புடாதீங்க. குழிய மூடிட்டுப் போங்க" என்பார். கம்பம் பிடுங்கிய குழியில் மண்ணைப் போட்டு மிதித்து மூடுகிறோம், மிதிபட்டுச் சரிந்த வரப்பை அணைக்கிறோம், மறுபடியும் வரிசையாக நடந்து தண்ணீர்ப் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், உடைந்தது கிழிந்தது எல்லாவற்றையும் பொறுக்குகிறோம். தண்ணீர் வந்ததும் இதே சேற்றில் பெண்கள் நடவுக்கு இறங்குவார்கள், கையும் காலும் மண்ணுக்குள் இருக்கும். அவர்களில் எங்கள் அம்மாக்களும் அக்காக்களும் உண்டு. போன முறை சிங்கப்பூர் நண்பன்தான் கோணியைத் தூக்கிக்கொண்டு கடைசிவரை நடந்தான்.

மூங்கிலைப் பந்தல்காரரிடம் சேர்த்துவிட்டு, வசூலில் மிச்சமிருந்த பணத்துக்குப் புதுப் பம்பும் நான்கு ஊசியும் வாங்கி ஊர்ப் பையன்களிடம் கொடுத்தோம். பந்து இரண்டும் அவர்களிடம்தான் இருக்கின்றன. அடுத்த சித்திரைக்கு அவர்களும் எங்களோடு உத்தி சேர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பி.இ.டி. சாரிடம் தேதி கேட்டாயிற்று. உளுந்து எடுத்து முடித்த பிறகு சொல்கிறேன் என்றார்.